ரத்தம் வராத அடி!

மைதானத்தில் விழுந்தவன் எழுந்து நின்றுவிட்டால் போதுமா?

"கபடி! கபடி! கபடி!"

பாடி வந்த கல்லூரி வாலிபனை நான்கு பேர் மடக்கினார்கள். ஒருவன் காலைப் பிடித்தான். இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான். எல்லோரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் வாலிபனின் பின்னந்தலை 'தொப்' என்று தரையில் மோதியது.

விசில் ஊதியது. குவியல் கலைந்தது. வாலிபன் எழுந்தான். மேலே ஒட்டிய மண்ணைத் தட்டினான். தலையைத் தடவிக் கையைப் பார்த்தான். ரத்தம் இல்லை!

"ஒன்றும் இல்லை சார்! நான் ஆடுகிறேன்" என்றான்.

யாரோ ஒரு சோடாவை உடைத்து அவன் முகத்தில் அடித்தார்கள். கூட்டம் கை தட்டியது.

வாலிபன் விறுவிறு என்று நடந்தான். எங்கே? எதிர் அணியின் பக்கம் போய் நின்றுகொண்டான்!

எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்க வேண்டிய நேரமா அது? ஒரு டாக்டர் அங்கே இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்தி, பையனை வெளியே அழைத்து வந்திருப்பார்.

திருத்தணி வட்டாரத்தில் இப்படிப்பட்ட காட்சி யாருக்கும் புதிது அல்ல. பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் பந்தயம். கல்லூரியில் விளையாட்டு விழா. கபடி, கிரிக்கெட், கால்பந்து என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். முழங்கால் தேய்ந்தால் மருந்து தடவுகிறோம். தலையில் அடிபட்டால் மட்டும் ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறோம். வரவில்லை என்றால் மறந்துவிடுகிறோம்.

அந்த அடிக்கு ஒரு பெயர் உண்டு. மூளை அதிர்ச்சி. டாக்டர்கள் 'கன்கஷன்' என்பார்கள்.

தயிர்ப் பாத்திரம்

மண்டை ஓட்டுக்குள் மூளை எப்படி இருக்கிறது தெரியுமா? கல் மாதிரி கெட்டியாக இல்லை. மிக மிருதுவானது. அதைச் சுற்றிலும் ஒரு நீர் உண்டு. அந்த நீரில் மூளை மிதக்கிறது.

தூக்குவாளியில் கெட்டித் தயிரை எடுத்துக்கொண்டு நீங்கள் பஸ்சில் போகிறீர்கள். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். வாளிக்கு ஒரு சேதமும் இல்லை. மூடியைத் திறந்து பாருங்கள். தயிர் கலங்கிப் போயிருக்கும்!

தலை மோதும்போதும் அப்படித்தான். ஓடு உடைவதில்லை. உள்ளே மூளை குலுங்குகிறது. கழுத்து வெடுக்கென்று திரும்பினால் இன்னும் மோசம். மூளையில் உள்ள மெல்லிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அவற்றின் வேலை சில நாட்களுக்குத் தடுமாறுகிறது. தலையிலேயே அடிபட வேண்டும் என்பது கூட இல்லை. மார்பில் பலமாக மோதித் தலை பின்னால் சுண்டினாலும் போதும்.

மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் மயங்கி விழுவதே இல்லை. "மயக்கம் வரவில்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்பது தவறு.

இன்னொரு தவறும் நடக்கிறது. "ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கே ஆடலாம்" என்கிறார்கள். ஸ்கேன் எலும்பு முறிவைக் காட்டும். ரத்தக் கசிவைக் காட்டும். மூளை அதிர்ச்சியைக் காட்டாது! ஸ்கேனில் ஒன்றும் இல்லாத பையனுக்கும் மூளை கலங்கி இருக்கலாம்.

நடந்தே வந்த காப்டன்

1962-ம் ஆண்டு. மார்ச் 17-ந் தேதி. இந்திய கிரிக்கெட் அணி வெஸ்ட் இண்டீசில் ஆடிக்கொண்டு இருந்தது. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் மைதானம். இந்திய காப்டன் நாரி கான்டிராக்டர் பேட் பிடித்து நின்றார். அவருக்கு வயது 28.

எதிரே பந்து வீசியவர் சார்லி கிரிபித். பயங்கர வேகம்! இப்போது போல ஹெல்மெட் போடும் வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது.

பந்து எழும்பி வந்தது. கான்டிராக்டரின் தலையில் மோதியது. மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. அப்படியும் அவர் துணையோடு நடந்தே வெளியே வந்தார்!

கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிலைமை முற்றியது. மண்டை ஓடு உடைந்திருந்தது. உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு மூளையை அழுத்தியது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். மூளை ஆபரேஷன் நிபுணரோ பக்கத்துத் தீவான டிரினிடாடில் இருந்து வர வேண்டும்! அவர் வரும்வரை காத்திருக்க முடியுமா? உள்ளூர் டாக்டர்களே முதல் ஆபரேஷனைச் செய்தார்கள்.

ரத்தம் தேவைப்பட்டது. முதலில் முன் வந்தவர் யார் தெரியுமா? எதிர் அணியின் காப்டன் பிராங்க் வாரல்! இந்திய வீரர்கள் போர்டே, உம்ரிகர், நட்கர்னி ஆகியோரும் ரத்தம் கொடுத்தார்கள். ஆறு நாட்கள் நினைவே இல்லாமல் கிடந்தார் கான்டிராக்டர். பிறகு கண் திறந்தார். அடுத்த டெஸ்டில் 21 வயதுப் பட்டோடி காப்டன் ஆக்கப்பட்டது தனிக் கதை.

பிழைத்த கான்டிராக்டர் பிறகு எங்கே வந்தார்? நம் வேலூருக்கு!

திருத்தணியில் பஸ் ஏறிச் சோளிங்கர், ராணிப்பேட்டை வழியாகப் போனால் 70, 80 கிலோமீட்டர் தூரத்தில் வேலூர். அங்கே உள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவு 1949-ல் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடா நாட்டில் மூளை ஆபரேஷன் கற்று வந்தவர். அடுத்த ஆண்டே, 1950-ல், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிலும் டாக்டர் பி.ராமமூர்த்தி அதே பிரிவைத் தொடங்கினார். திருத்தணிக்கு ஒரு பக்கம் வேலூர்; மறு பக்கம் சென்னை. தலைக் காயத்துக்கு வைத்தியம் தேடி நாட்டின் மற்ற பகுதிகளில் இருந்தெல்லாம் மக்கள் வந்த ஊர்கள் இவை.

வேலூரில் கான்டிராக்டரின் மண்டை ஓட்டில், எலும்பு இல்லாத இடத்தில், ஓர் உலோகத் தகட்டை வைத்து மூடினார் டாக்டர் சாண்டி.

கான்டிராக்டருக்கு ஏற்பட்டது வெறும் மூளை அதிர்ச்சி அல்ல. அதைவிடப் பெரிய காயம். ஆனால் முதல் சில நிமிடங்களில் சின்ன அடிக்கும் பெரிய அடிக்கும் வித்தியாசம் தெரிவது இல்லை. இரண்டு பேரும் எழுந்து நடப்பார்கள். இரண்டு பேரும் "ஒன்றும் இல்லை" என்பார்கள். இதுதான் பயங்கரம்!

1998 பிப்ரவரியில் டாக்காவில் நடந்ததும் இதுவே. இந்திய அணிக்கு ஆடிய ராமன் லம்பா, அங்கே ஒரு கிளப் ஆட்டத்தில் பேட் செய்பவருக்கு மிக அருகே ஹெல்மெட் இல்லாமல் நின்றார். பந்து நெற்றிப் பக்கம் பட்டது. எழுந்து நடந்தே வெளியே போனார். மூன்றாம் நாள் இறந்து போனார். வயது 38.

2022 ஆகஸ்டில் சென்னையில் தேசிய கிக்பாக்சிங் போட்டி நடந்தது. அருணாசலப் பிரதேசத்தில் இருந்து வந்த ஓர் இளைஞர் தலையில் அடிபட்டுச் சாய்ந்தார். ராஜீவ் காந்தி அரசுப் பொது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை.

பத்து வார்த்தைகள்

சரி, ரத்தமும் வராது, ஸ்கேனிலும் தெரியாது என்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டுத்தான்!

விளையாட்டு வைத்தியத்தில் உலக நிபுணர்கள் சிலர் 2001-ல் வியன்னா நகரில் கூடினார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடி வருகிறார்கள். அவர்கள் தயாரித்த சோதனைத் தாளுக்கு 'ஸ்காட்' என்று பெயர். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடியபின், 2023-ல் ஆறாவது பதிப்பு வந்தது. 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இது. சின்னப் பிள்ளைகளுக்குத் தனித் தாள் உண்டு. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு பேனா, ஒரு கடிகாரம், பத்துப் பதினைந்து நிமிடம், பழகிய டாக்டர் ஒருவர். அவ்வளவுதான்.

மைதானத்திலேயே முதல் கேள்விகள் தொடங்கும்.

"நாம் இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன பந்தயம் யாருடன்? அதில் ஜெயித்தோமா?"

ஆடிக்கொண்டு இருப்பவனுக்கு இது தெரியாமல் போகுமா? தெரியாமல் விழித்தால் சந்தேகமே வேண்டாம். ஆட்டம் முடிந்தது! "உன் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன?" என்று கேட்பதில் பயன் இல்லை. மூளை கலங்கியவனும் தன் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவான். இப்போது நடந்ததுதான் அவனுக்கு நிற்காது.

பிறகு நிழலான, அமைதியான இடத்துக்கு அழைத்துப் போய் மற்ற சோதனைகள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், அழுகை வருவது போன்ற உணர்வு என்று 22 தொல்லைகள் தாளில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை அவனே மார்க் போட வேண்டும்.

அடுத்து ஞாபக சக்தி. டாக்டர் பத்து வார்த்தைகளைச் சொல்வார். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று முறை. பிறகு எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். வருடத்தின் மாதங்களைக் கடைசியில் இருந்து முதல்வரை சொல்ல வேண்டும். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு, கை இடுப்பில், 20 விநாடி. குதிகாலும் விரலும் ஒட்டி ஒரே கோட்டில் நடக்கச் சொல்வார்கள். இதெல்லாம் முடிந்தபின் டாக்டர் சாவகாசமாக, "முதலில் பத்து வார்த்தை சொன்னேனே, அதைச் சொல் பார்க்கலாம்" என்பார்! பல பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

"நல்ல நாளிலேயே என் பையனுக்கு ஞாபகம் கிடையாதே!" என்று சிரிக்கும் தாய்மார்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்காகத்தான் வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவற்றில், பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்பே எல்லா வீரர்களுக்கும் இந்தச் சோதனையை ஒரு முறை செய்து மார்க்கை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அடிபட்ட பிறகு வரும் மார்க்கை அவனுடைய பழைய மார்க்கோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் அந்த நாட்டு ராணுவ இலாகாவும் சேர்ந்து 2014 முதல் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு இப்படிச் சோதனை செய்து ஆராய்ந்து வருகின்றன.

இதற்கு நம் கல்லூரிகளில் என்ன செலவு? ஒரு நோட்டும் ஒரு நாள் பொழுதும்தான்.

எந்த மொழியில் கேட்பது?

இந்தக் கேள்வி திருத்தணிக்கு முக்கியமானது.

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திராவில் இருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இன்றும் இந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, கடைத் தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். தெலுங்கில் எண்ணிப் பழகியவனை, அடிபட்டு விழுந்த நேரத்தில் ஆங்கிலத்தில் மாதங்களைத் தலைகீழாகச் சொல் என்றால் என்ன ஆகும்? மூளை நன்றாக இருந்தாலும் தடுமாறுவான். அதைப் பார்த்து மூளை அதிர்ச்சி என்று நினைத்துவிடலாம். அல்லது, "அவனுக்கு இங்கிலீஷ் வராது, அதனால்தான் விழிக்கிறான்" என்று உண்மையான அதிர்ச்சியைக் கோட்டை விட்டுவிடலாம். இரண்டும் ஆபத்து. எந்த மொழி அவனுக்கு நாக்கில் தானாக வருமோ, அந்த மொழியில் கேட்பதே சரி.

நடிக்கிறானா?

ஆட்டத்தில் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "நடிக்கிறான்!" என்று எதிர் அணியினர் கூச்சல் போடுவது உண்டு. பெரிய பந்தயங்களிலும் இது நடந்திருக்கிறது.

2020 டிசம்பர் 4. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரம். கடைசி ஓவரில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து மோதியது. அவர் நிற்காமல் ஆடினார். 44 ஓட்டங்கள் எடுத்தார். அறைக்குப் போன பிறகு தலை சுற்றுகிறது என்றார். அவருக்குப் பதிலாகச் சாஹல் பந்து வீச வந்தார். மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார்! ஆஸ்திரேலியருக்குக் கோபம். "அடிபட்ட பிறகும் ஆடினாரே!" என்றார்கள்.

அடிபட்டவுடன் தெரியாமல், சில மணி நேரம் கழித்துத் தெரிவது இந்த நோயின் குணம். அதை அந்த ஆஸ்திரேலியர்களே முந்திய ஆண்டில் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். 2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அவர்களுடைய ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து பட்டது. அன்று சோதனைகளில் தேறினார். திரும்பி வந்து ஆடினார். மறுநாள் காலையில்தான் மூளை அதிர்ச்சி தெரிந்தது! அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். அந்த மாதம்தான் சர்வதேசப் பந்தயங்களில் மாற்று ஆள் இறக்கும் சட்டம் வந்திருந்தது. டெஸ்ட் ஆட்டத்தில் அதன்படி இறங்கிய முதல் ஆள் லபுஷேன். அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தா டெஸ்டில் வங்காள தேச அணி ஒரே நாளில் இரண்டு பேரை இப்படி மாற்றியது.

ஆகவே ஒரு முறை சோதித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. மறுநாளும் சோதிக்க வேண்டும். சந்தேகம் வந்த அன்று மறுபடி ஆட விடவே கூடாது. பைனலாக இருந்தாலும் சரி!

கல்லூரிப் பையன்களிடம் தலைகீழ்த் தொல்லை. அவர்கள் வலிப்பதுபோல் நடிப்பதில்லை, வலிக்காததுபோல் நடிக்கிறார்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் எந்தப் பையன் "தலை சுற்றுகிறது" என்று வாய் திறப்பான்? விளையாட்டுச் சான்றிதழை நம்பிக் கல்லூரி இடம், வேலை என்று கனவு காண்கிற வீடுகள் எத்தனை! மறைக்கிற பையனைத் திட்டிப் பயன் இல்லை. "சொன்னால் உன் இடம் போகாது" என்று அவனுக்குத் தைரியம் கொடுக்க வேண்டியவர் பி.டி. மாஸ்டர். மாணவிகளுக்கும் இது பொருந்தும். கால்பந்து, கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக மூளை அதிர்ச்சி ஏற்படுவதாக அமெரிக்கக் கல்லூரிகளின் கணக்கே சொல்கிறது.

மறைத்தால் என்ன ஆகும்? 1984-ல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் ஒரு சம்பவத்தை எழுதினார்கள். 19 வயதுக் கல்லூரி மாணவர். தலையில் அடிபட்டிருந்தது. தலைவலி தீரவில்லை. தீருமுன்பே மைதானத்தில் இறங்கினார். மீண்டும் மோதல். பெரிய அடி கூட இல்லை. நடந்து வெளியே வந்தவர் அப்படியே சரிந்தார். மூளை மளமளவென்று வீங்கிவிட்டது. அவர் பிழைக்கவில்லை. இது அரிதாக நடப்பதுதான். நடந்தால் மீட்பது கடினம்.

அம்மா கவனிக்க வேண்டியவை

தணிகை என்றால் முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை என்பது இந்த ஊர்க் கதை. மூளை அதிர்ச்சி அடைந்த பையன் வீட்டில் காரணம் இல்லாமல் எரிந்து விழுவான். தங்கையிடம் சண்டை போடுவான். தட்டைத் தள்ளிவிடுவான். "திமிர் பிடித்துவிட்டது" என்று அப்பா கை ஓங்குவதற்கு முன், "இன்று மைதானத்தில் விழுந்தாயா கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். எரிச்சலும் இந்த நோயின் அடையாளம்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குளறல், இரட்டையாகத் தெரிதல், கை கால் மரத்துப் போதல், கழுத்து வலி, எழுப்பினால் எழாத தூக்கம், மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் வருதல்: இதில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். கழுத்தில் வலி என்றால் அவனைத் தூக்கி உட்கார வைப்பதும், தலையை ஆட்டுவதும் ஆபத்து. நினைவு இல்லாதவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும்.

"ராத்திரி முழுவதும் தூங்க விடாதே" என்பது பழைய பாட்டி வைத்தியம். டாக்டர் பார்த்து, ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டால் தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். முதல் இரண்டு நாள் தனியாக விடக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. மது கூடாது. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது; சில மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். செல்போனையும் அந்த இரண்டு நாள் கூடுமானவரை ஒதுக்கி வைக்க வேண்டும்.

இருட்டு அறையில் வாரக் கணக்கில் படுத்தே கிடக்க வேண்டுமா? அப்படித்தான் முன்பு சொன்னார்கள். இப்போது மாற்றிவிட்டார்கள். ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு மெல்ல நடக்கலாம்.

படிப்பையும் கவனிக்க வேண்டும். நன்றாகப் படித்த பையன் ஒரே பக்கத்தை நான்கு முறை படிப்பான். ஒன்றும் ஏறாது. வகுப்பில் சத்தமும் வெளிச்சமும் தாங்காது. அந்த நேரத்தில் பரீட்சை வந்துவிட்டால் பாவம்! கை முறிந்த மாணவனுக்கு உதவி செய்ய எல்லோரும் ஓடி வருகிறார்கள். மூளை களைத்த மாணவன் வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான்? விளையாட்டுக்கு முன்பாகப் படிப்புக்குத்தான் அவன் முழுவதுமாகத் திரும்ப வேண்டும் என்பது நிபுணர்கள் போட்ட விதி.

விளையாட்டுக்கு ஆறு படி. முதலில் நடை முதலிய அன்றாட வேலைகள். இரண்டாவது, மெதுவான ஓட்டம் போன்ற பயிற்சி. மூன்றாவது, தனியாக ஆட்டப் பயிற்சி. நான்காவது, மோதல் இல்லாமல் மற்றவர்களோடு பயிற்சி. டாக்டர் சம்மதம் கொடுத்தால் ஐந்தாவது, முழுப் பயிற்சி. ஆறாவது, பந்தயம். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். தொல்லை கூடினால் நிறுத்தி, ஒரு படி கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான வாலிபர்களுக்கு இரண்டு வாரம் முதல் நான்கு வாரத்துக்குள் சரியாகிவிடுகிறது.

மலைக் கோவிலுக்கு 365 படி ஏறுகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆறு படி பெரிதா என்ன?

நாரி கான்டிராக்டரும் ஏறினார். வேலூர்த் தகட்டோடு அடுத்த ஆண்டிலேயே மறுபடி பேட்டைப் பிடித்துவிட்டார். "வேண்டாம்" என்று சொன்னவர்கள் பலர். அவர் கேட்கவில்லை. உள்நாட்டுப் பந்தயங்களில் இன்னும் பல ஆண்டுகள் ஆடினார். இந்தியாவுக்காக மறுபடி டெஸ்ட் ஆட வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. 31 டெஸ்டோடு அவர் கணக்கு நின்றுவிட்டது.

ரத்தம் கொடுத்த பிராங்க் வாரல் 1967-ல் காலமானார். அவர் பெயரால் 1981 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 3-ந் தேதி, கொல்கத்தாவில் வங்காள கிரிக்கெட் சங்கம் ரத்த தான முகாம் நடத்தத் தொடங்கியது.

கான்டிராக்டரின் தலையில் இருந்த தகடு 60 ஆண்டுகள் அப்படியே இருந்தது. அதன் மேல் தோல் தேய்ந்து போனதால், 2022 ஏப்ரலில் மும்பையில் ஆபரேஷன் செய்து டாக்டர்கள் அதை வெளியே எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 88.